ஏழு பழம், ஐந்து பழம்

ஞாயிற்றுக்கிழமை வருகிறேன் என்று அண்ணன் போன் செய்ததிலிருந்து எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. அண்ணன் வந்தால் தங்கைக்கு எதற்குத் தூக்கம் போகவேண்டும் என்று கேட்பீர்கள். அவன் எதற்கு வருகிறான் என்று எனக்குத் தெரியும். அவன் மகள் நான்சி பத்தாவதில் நானூற்று எழுபத்தெட்டு மார்க் வாங்கியிருந்தாள். வெள்ளிமலையிலிருந்து இறங்கி வந்து கள்ளக்குறிச்சியில் பதினொன்றாவது படிக்கவேண்டும் என்பது அவள் ஆசை. படிக்க வந்தால் தங்க இடம் வேண்டும். கள்ளக்குறிச்சியில் அவர்களுக்கு இருக்கிற ஒரே சொந்தம் நான்.

எங்கள் வீட்டில் இரண்டே அறை. நான் ரத்தப் பரிசோதனை நிலையத்தில் வேலை பார்க்கிறேன். காலை ஆறு மணியிலிருந்து ஊரார் கையில் ஊசி குத்திவிட்டு வீட்டுக்கு வந்தால், யாரும் என்னிடம் பேசாமல் இருந்தால் போதும் என்று இருக்கும். என் கணவர் பஸ் கண்டக்டர். "உங்க அண்ணன், உன் இஷ்டம்" என்று சொல்லிவிட்டு டூட்டிக்குப் போய்விட்டார். அதாவது, முடியாது என்று சொன்னால் கெட்ட பெயர் எனக்கு மட்டும்.

இவையெல்லாம் வெளியே சொல்லிக்கொள்கிற காரணங்கள். உள்ளே ஒன்று இருந்தது. என் மகள் அருள்மொழி ஏழாவது முடித்திருக்கிறாள். படிப்பு சுமார்தான். பக்கத்தில் நானூற்று எழுபத்தெட்டை இரண்டு வருடம் உட்கார வைத்தால் என் பிள்ளை என்ன ஆவாள் என்று நினைத்தேன். அற்பப் புத்திதான். இருந்ததை இல்லை என்று சொல்லி என்ன ஆகப்போகிறது. "ஹாஸ்டல்னா படிப்பு கெடாது ண்ணா" என்ற ஒரு வரியை ஒரு வாரமாக வாய்க்குள் ஒத்திகை பார்த்து வைத்திருந்தேன். போனிலேயே இரண்டு முறை ஹாஸ்டல் பேச்சை எடுத்தேன். அவன் "ம்" என்று மட்டும் சொன்னான்.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கெல்லாம் ஜீப் வந்து நின்றது. என் அண்ணன் ரெக்ஸ் மலைப்பாதையில் ஜீப் ஓட்டுகிறான். கரியாலூர் அருவிக்கு வருகிற கூட்டம் ஒரு நாள், மரவள்ளி மூட்டை ஒரு நாள். ஒரு பலாப்பழத்தையும் அரை மூட்டை சாமையையும் இறக்கி வைத்துவிட்டு, நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். நான்சி அவனுக்குப் பின்னால் சுவரோரமாக நின்றாள்.

"மழை உண்டா மலையில?" என்றேன்.

"கம்மிதான்."

"அண்ணி எப்டி இருக்காங்க?"

"கீறாங்க. உன்ன விசாரிச்சாங்க."

அண்ணனும் தங்கையும் பேசுகிற பேச்சு இப்படித்தான் இருந்தது, ஆறு வருடமாக. அவன் தொண்டையைச் செருமினான். "லிடியா, அந்த ஸ்கூல் விசயம்..." என்று ஆரம்பித்தான். நான் என் வரியைத் தயாராக நாக்கில் எடுத்து வைத்துக்கொண்டேன். அந்த நேரம் பார்த்து அருள்மொழி டிவியைப் போட்டாள்.

டிங் டிங் டக், டிங் டிங் டக் என்று ஒரு மெட்டு வந்தது. அண்ணன் பேச்சைப் பாதியில் விட்டுவிட்டான். எனக்குக் கை மயிர் எழுந்து நின்றது. திரையில் ஒரு குளம், குளத்தங்கரையில் ஒரு தவளை, ஒரு நீர்நாய், ஒரு வாத்து, ஒரு யானைக்குட்டி.

"குளக்கரைக் கூட்டம்" என்று இரண்டு பேரும் ஒன்றாகச் சொன்னோம்.

நாங்கள் நைனார்பாளையத்துக்காரர்கள். அப்பா கிறிஸ்துதாஸ் அரிசி ஆலையில் மூட்டை தூக்கினார். அம்மா பவுலின் களை எடுக்கப் போவாள். அந்த வீட்டில் வீடியோ கேம் இருந்தது என்று சொன்னால் என் கணவர்கூட நம்பவில்லை. சென்னையில் டிவி ரிப்பேர் கடையில் வேலை பார்த்த எங்கள் மாமா, யாரோ சரிபார்க்கக் கொடுத்துவிட்டுத் திரும்ப வராத ஒரு கேம் பெட்டியை, இரண்டு ரிமோட்டோடும் ஒரே ஒரு சிடியோடும் ஒரு கிறிஸ்துமசுக்குக் கொண்டுவந்து கொடுத்தார். சிடியைப் போட்டதும், சனிக்கிழமை காலை டிவியில் நாங்கள் பல் துலக்காமல் உட்கார்ந்து பார்க்கிற குளக்கரைக் கூட்டம் வந்தது. டிவியில் நன்றாகத் தமிழ் பேசிய யானைக்குட்டி, சிடியில் ஜப்பானோ சீனமோ பேசியது. எழுத்தெல்லாம் கோழி கிளறின மாதிரி இருந்தது. எண்கள் மட்டும்தான் புரிந்தன.

நான்கு பேர் ஆடுகிற ஆட்டம் அது. குளத்தைச் சுற்றி ஓடலாம், மரத்தை உலுக்கலாம், விழுகிற பழத்தைப் பொறுக்கலாம், பக்கத்தில் வருபவரைக் குளத்தில் தள்ளலாம். எங்களிடம் இருந்தது இரண்டு ரிமோட். மற்ற இரண்டு பேரையும் பெட்டியே ஆடிக்கொள்ளும். நேரம் முடிந்ததும் நான்கு பேரும் வரிசையாக நிற்பார்கள். நிறையப் பழம் வைத்திருப்பவர் ஒரு வாளியைத் தூக்கி வந்து, எல்லாரையும்விடக் குறைவாக வைத்திருப்பவர் தலையில் தண்ணீரைக் கவிழ்ப்பார். மேளம் முழங்கும். நனைந்தவரைச் சுற்றி எல்லாரும் ஆடுவார்கள்.

இதைப் பார்த்தால் மற்ற ஊர்ப் பிள்ளைகளுக்கு என்ன தோன்றியிருக்குமோ, எங்களுக்குத் தோன்றியது மாரியம்மன் திருவிழா. எங்கள் ஊரில் கடைசி நாள் மஞ்சத்தண்ணி ஊற்றுவார்கள். கண்டவர் மேல் ஊற்ற மாட்டார்கள். மாமன் மகன், அத்தை மகள் என்று முறை இருக்கவேண்டும், பிரியம் இருக்கவேண்டும். அன்றைக்கு நனையாமல் தெருவில் நடப்பவரைப் பார்த்தால் பாவமாக இருக்கும். நாங்கள் வேதக்கார வீடு. முறை இருந்தும், எங்கள் மேல் ஊற்றலாமா கூடாதா என்று ஊருக்கு ஒரு தயக்கம். வருடா வருடம் நானும் அண்ணனும் போய்த் தெருமுனையில் நிற்போம். காய்ந்த சட்டையோடு திரும்பி வருவோம்.

அதனால் தண்ணீர் விழுகிறவர்தான் கொடுத்துவைத்தவர் என்பதில் எங்களுக்குச் சந்தேகமே வரவில்லை. வாளி தூக்குகிறவர் வேலைக்காரர். போதாததற்கு, பேராசைக்காரன் கெட்டான், விட்டுக்கொடுத்தவன் வாழ்ந்தான் என்று ஞாயிறு பள்ளியில் வாராவாரம் கதை சொல்வார்கள். பழம் பொறுக்காதவன் தலையில் அபிஷேகம் நடந்தால் அது நியாயம்தானே.

ஆக, நாங்கள் இரண்டு பேரும் பழத்துக்குப் பயந்து ஓடினோம். மரம் குலுங்கினால் ஒளிந்துகொள்வோம். தப்பித் தவறிக் கையில் ஒட்டிய பழத்தை யானைமேல் எறிவோம். அதிலும் எத்தனை நுணுக்கம் இருக்கிறது என்று ஆடினவருக்குத்தான் தெரியும். பெட்டி ஆடின வாத்தும் யானையும் முட்டாள்தனமாகப் பழத்தை அள்ளிக் குவித்துக்கொண்டிருக்கும். "கம்ப்யூட்டருக்கு விவரம் பத்தல பாப்பா" என்பான் அண்ணன். கரண்ட் போனால் இருட்டில் உட்கார்ந்து, அடுத்த ஆட்டத்தில் எந்தப் புதரில் ஒளிவது என்று பேசுவோம். நான்கு வருடம் ஆடினோம். அந்த நான்கு வருடம் சிரித்த மாதிரி நான் பிறகு சிரிக்கவில்லை.

அண்ணன் என்னைவிட ஒரு வயது மூத்தவன். மஞ்சள் காமாலையில் ஒரு வருடம் போனதால் என்னோடு பத்தாவது எழுதினான். இரண்டு பேரும் பாஸ். கள்ளக்குறிச்சியில் ஹாஸ்டலில் சேர்த்து மேலே படிக்க வைக்க ஒருவருக்குத்தான் வழி இருந்தது. "ரெண்டு பேத்தையும் என்னால முடியாது. நீங்களே பேசிக்கினு சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அப்பா எழுந்து வெளியே போய்விட்டார். எங்கள் முகத்தைப் பார்த்து ஒரு பெயரைச் சொல்ல அவரால் முடியவில்லை. பையன் இருக்கும்போது பெண்ணை யார் அனுப்பப் போகிறார்கள் என்று நான் பேசாமல் இருந்தேன். அண்ணன்தான் சொன்னான், "ஒரு ஆட்டம் ஆடிப் பாத்துக்கலாம் பாப்பா. யாருக்கு தண்ணி ஊத்துதோ அவங்க போலாம்."

அவன் தவளை, நான் நீர்நாய். நேரம் முடிய மூன்று வினாடி இருக்கும்போது ஆளுக்கு ஐந்து பழம். அப்போது அந்த வாத்து ஒரு மரத்தை உலுக்கியது. இரண்டு பழம் தவளையின் தலையில் விழுந்தது. ஏழு. யானை வாளியைத் தூக்கி வந்து என் நீர்நாய்மேல் தண்ணீர் ஊற்றியது.

அண்ணன் ரிமோட்டைக் கீழே வைத்தான். "நீ போ" என்றான். பத்து நாள் கழித்து மலைக்குப் போய் ஜீப்பில் கிளீனராகச் சேர்ந்தான். அங்கேயே கல்யாணம் கட்டிக்கொண்டு அங்கேயே தங்கிவிட்டான். நான் பன்னிரண்டாவது முடித்தேன், லேப் படிப்பு முடித்தேன், வேலைக்கு வந்தேன்.

ஆறு வருடத்துக்கு முன்னால் அப்பா இறந்துபோனார். அடக்கம் முடித்து வந்த வீட்டில், பேச்சோடு பேச்சாக அண்ணன், "நீ படிச்சவ, உனக்கு இன்னா" என்றான். சாதாரணமாகச் சொன்னதுதான். எனக்குத்தான் வாய்க்கும் மூளைக்கும் நடுவில் கதவு கிடையாதே. "போட்டி வச்சதே நீதான். ஜெயிச்சது நான். அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்" என்று சொந்தபந்தம் எல்லாரும் பார்க்கச் சொன்னேன். அன்றோடு அவன் என்னைப் பாப்பா என்று கூப்பிடுவது நின்றது. கிறிஸ்துமசுக்கு வருவான், மூட்டையை இறக்குவான், மழையைப் பற்றிச் சொல்வான், போய்விடுவான்.

"இது எங்க கிடைச்சுது உனக்கு?" என்று அண்ணன் அருள்மொழியிடம் கேட்டான். நாற்காலியை விட்டு இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான்.

"புதுசா வந்துக்குது மாமா. பழைய கார்ட்டூனாம். அவங்கவங்க போனே ரிமோட்டு. தமிழ்லயே வருது."

"நாங்க ஆடாத ஆட்டமா. வா நான்சி. லிடியா, வந்து குந்து."

அவனுக்குத் தவளை, எனக்கு நீர்நாய். யாரும் சொல்லிக்கொடுக்காமலே எடுத்துக்கொண்டோம். நான்சிக்கு வாத்து, அருள்மொழிக்கு யானை. ஆட்டம் தொடங்கியதும் எனக்கு முப்பத்தேழு வயது என்பதே மறந்துபோயிற்று. மரம் குலுங்கியது, நானும் அண்ணனும் ஒரே புதருக்கு ஓடினோம். தோளால் என்னை இடித்துத் தள்ளினான். திரையில் அல்ல, தரையில். நான் அவன் தொடையில் ஒரு அடி வைத்தேன்.

"அம்மா, பழம் கீழ கெடக்குது, எடும்மா" என்றாள் அருள்மொழி.

"நீ உன் வேலையப் பாருடி."

"மாமா, ஏன் பழத்தையெல்லாம் குளத்துல போடறீங்க?"

"ஆட்டமே அதான் கண்ணு" என்றான் அண்ணன். "பாத்துக்கினே இரு."

ஆட்டம் முடிந்தது. நான்கு பேரும் வரிசையாக நின்றார்கள். யானை வாளியைத் தூக்கி வந்து தவளைமேல் கவிழ்த்தது. அண்ணன் கையைத் தட்டிக்கொண்டு என் பக்கம் திரும்பினான். "பாத்தியா பாப்பா, இத்தினி வருசத்துல கை மறக்கல" என்றான். ஆறு வருடத்துக்குப் பிறகு அந்தப் பெயர் காதில் விழுந்ததில் எனக்கு அடுத்து நடந்தது ஒரு கணம் புரியவில்லை.

"மாமா, நீங்க தோத்துட்டீங்க" என்றாள் அருள்மொழி.

"தண்ணி எம்மேலதான ஊத்துச்சு."

"தோத்தவங்க மேலதான் மாமா ஊத்துவாங்க. அது தண்டனை. எழுதிக்குது பாருங்க."

தவளையின் தலைக்கு மேல் தமிழில் எழுதியிருந்தது: கடைசி இடம். யானையின் தலைக்கு மேல்: முதல் இடம். என் நீர்நாய்க்கு மேல் மூன்றாம் இடம் என்று இருந்தது. மேளம் அடித்துக்கொண்டிருந்தது. சுற்றி ஆடிய மூன்று பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தவளையைப் பார்த்துச் சிரித்தார்கள். அன்றைக்கும் அப்படித்தான் சிரித்திருக்கவேண்டும். நாங்கள் அதைச் சந்தோஷம் என்று நினைத்தோம்.

நானும் அண்ணனும் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை. அவன் திரையைப் பார்த்துக்கொண்டே, "அன்னிக்கு எனக்கு ஏழு. உனக்கு அஞ்சு" என்றான்.

"ஆமாம்" என்றேன்.

"அப்ப மூணாவது எடம் வந்தவன் நானு."

சொல்லிவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தான். முதலில் இருமல் மாதிரி வந்தது. பிறகு சுவரில் சாய்ந்து, கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தான். என்ன ஏது என்று தெரியாமல் பிள்ளைகளும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். சிரிக்கச் சிரிக்க உள்ளே ஏதோ இறங்கிக்கொண்டே போயிற்று. என் படிப்பு, என் வேலை, இந்த வீடு, சொந்தபந்தம் எல்லாரும் பார்க்க நான் சொன்ன அந்த வார்த்தை, எல்லாம் ஒரு ஜப்பான் எழுத்துத் தெரியாததால் வந்தது.

அண்ணன் இனிமேல் கேட்பான் என்று காத்திருந்தேன். சாப்பிடும்போது கேட்பான் என்று நினைத்தேன். பலாப்பழத்தை அரிந்துகொண்டே பாதையில் விழுந்த மரத்தைப் பற்றிச் சொன்னான். சுளையைப் பிள்ளைகள் தட்டில் போட்டுக்கொண்டே ஜீப்பின் பிரேக்கைப் பற்றிச் சொன்னான். ஸ்கூல் என்ற சொல்லே அவன் வாயில் வரவில்லை. நான்சி இரண்டு முறை அவன் முகத்தைப் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டாள். மூன்று மணிக்கு, "கெளம்பறோம். இருட்டறதுக்குள்ள மலையேறணும்" என்றான்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த ஆட்டத்துக்கு முன்னால் கேட்டிருந்தால் அது அண்ணன் தங்கையிடம் கேட்பது. இப்போது கேட்டால், ஜெயித்தவன் தன் பங்கைக் கேட்பது மாதிரி ஆகிவிடும். செத்தாலும் அவன் அதைச் செய்ய மாட்டான். கும்பிடப் போன தெய்வம் குறுக்கே வந்த மாதிரி, நான் ஒரு வாரமாக வேண்டிக்கொண்டது தானாக நடந்துகொண்டிருந்தது. முடியாது என்று சொல்லாமலே தப்பித்துவிட்டேன். வாசல்வரை போய் வழியனுப்பினால் போதும்.

போனேன். ஜீப்பின் பின்னால் தார்ப்பாய் ஒரு பக்கம் விலகியிருந்தது. உள்ளே ஒரு புது டிரங்குப் பெட்டி. அதன்மேல் சுருட்டிய பாய், உறை போட்ட தலையணை. பெட்டியின் முகப்பில் வெள்ளைப் பெயிண்டில் 'ரெ. நான்சி' என்று எழுதியிருந்தது. நான் முடியாது என்பேன் என்று தெரிந்தும், ஒருவேளை சரி என்பேனோ என்று அவன் இதைக் கட்டி ஏற்றிக்கொண்டு வந்திருக்கிறான். பத்து மணியிலிருந்து அது வெயிலில் கிடந்திருக்கிறது.

"ண்ணா, நான்சி இங்கயே இருக்கட்டும்" என்றேன்.

அவன் ஜீப்பின் கண்ணாடியைத் துடைத்தான். "வேணாம். ஆஸ்டல் பாத்துக்கறேன்."

"ஏன் வேணாம்?"

"நீ தோத்துட்டன்னு நெனச்சிக்கினு கூப்புடற. அதுக்காக எம்பொண்ணு இங்க இருக்க வேணாம்."

"தோத்தது நான்தான ண்ணா."

"இல்ல. ரெண்டு பேரும் ஒரே ரூலு வச்சிக்கினுதான் ஆடனோம். அதுல நீதான் ஜெயிச்ச. நான் ஒண்ணும் உட்டுக்குடுக்கல, போவணும்னுதான் ஆடனேன். அந்த வாத்துதான் கெடுத்துச்சு." துடைத்த துணியை மடித்தான். பிரித்தான். மறுபடி மடித்தான். "நீ போனதுக்கு நான் ஒரு நாளும் வருத்தப்பட்டதில்ல. நீ வேலைக்கு சேந்த அன்னிக்கு ஜீப்புல ஏறன அத்தினி பேருகிட்டயும் எந்தங்கச்சி லேப்புல கீறான்னு சொல்லிக்கினேதான் ஓட்டனேன். நாம ரெண்டு பேரும் சேந்து உன்ன அனுப்பி வச்சோம்னு நெனச்சிக்கினு இருந்தேன். அப்பாவ பொதச்சிட்டு வந்த வூட்ல நின்னுக்கினு, ஜெயிச்சது நான்னு சொன்ன பாரு. அப்பதான் நான் தோத்தேன்."

தெருவில் யார் பார்க்கிறார்கள் என்றெல்லாம் நான் பார்க்கவில்லை.

"அப்படிச் சொன்னது தப்பு ண்ணா" என்றேன். "இன்னொன்னும் சொல்லிடறேன். இன்னிக்கு நீ கேட்டா முடியாதுன்னு சொல்றதாதான் இருந்தேன்."

"தெரியும்."

"எம்பொண்ணவிட இவ நல்லா படிக்கிறாளேன்னு வயிறு எரிஞ்சேன். அதுவும் தப்பு. தோத்ததுக்காகக் கூப்பிடல ண்ணா. நீ கேக்காமயே போற பாரு, அது என்னால தாங்க முடியல."

அண்ணன் துணியைத் தோளில் போட்டுக்கொண்டு வேறு பக்கம் திரும்பி நின்றான். அவன் முதுகு மட்டும்தான் எனக்குத் தெரிந்தது. நான்சி இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"அப்பா, பொட்டிய எறக்கட்டுமா?" என்று கேட்டாள்.

"என்ன ஏன் கேக்கற" என்றான், திரும்பாமலே. "அத்தையக் கேளு."

அவள் கேட்கும்வரை நான் காத்திருக்கவில்லை. புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஜீப்பில் ஏறி, பெட்டியின் காதைப் பிடித்து இழுத்தேன்.